மரையும் புரியும்

"தம்பி, டேப் அடிச்சாச்சா?"

"எம் எட்டு மட்டும் பாக்கிங்ணா."

கோவை கணபதியிலோ குறிச்சி தொழிற்பேட்டையிலோ ஒரு பட்டறைக்குள் நுழைந்தால் இப்படியொரு பேச்சு காதில் விழும். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இதில் வியக்க ஒன்றுமில்லை. எஃகுத் தகட்டில் 6.8 மில்லிமீட்டர் துளை போட்டாகிவிட்டது. அதன் உட்சுவரில் 8 மில்லிமீட்டர் ஆணி திருகி இறங்கும்படி சுருள் வரி ஒன்றை வெட்ட வேண்டும். வெட்டியாயிற்றா என்பதே கேள்வி. சொல்லை நேசிப்பவருக்கோ அந்த இரண்டு வரிக்குள் நின்று பார்க்க நிறைய இருக்கிறது. டேப் என்பது என்ன, அதை ஏன் அடிக்க வேண்டும், அடித்தபின் துளைக்குள் கிடைக்கும் வரிக்கு ஏன் மரை என்று பெயர், அதே வரியை வேறொருவர் ஏன் புரி என்கிறார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தால், ஒரு விரல் நுழையாத துளைக்குள் தமிழின் பல நூற்றாண்டுப் பழக்கங்கள் சுருண்டு கிடப்பது தெரியும்.

வெளியிலிருந்து வந்த சொல்லை முதலில் பார்ப்போம். ஆங்கிலேயரின் பழைய பேச்சில் டேப் என்றால் முளை. மதுப் பீப்பாயின் அடித்துளையை அடைக்கும் கூம்பு வடிவ மரமுளைக்கு அந்தப் பெயர் இருந்தது. முளையைப் பிடுங்கினால் மது வரும், செருகினால் நிற்கும். அந்த முளையே பிற்பாடு திறந்து மூடும் குழாய்வாயாகி, நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கும் பெயராயிற்று. இன்னொரு பக்கம், துளைக்குள் செருகும் கூம்பு என்ற உருவ ஒற்றுமையால் அதே பெயர் கொல்லரின் மரை வெட்டும் கருவிக்கும் ஏறியது. 1677இல் தொடங்கிப் பகுதி பகுதியாக வெளிவந்த ஜோசப் மாக்சனின் கைத்தொழில் நூலில், வெளிமரை வெட்டும் துளைத்தகடும் அதற்கு இணையான எஃகு டேப்களும் விளக்கப்பட்டிருக்கின்றன. ஆக, கருவி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது; பெயரோ அதனினும் பழையது.

மொழிமுதலாகாத டகரத்தைச் சுமந்துகொண்டு இச்சொல் தமிழுக்குள் வந்தபோது அதன் உயிர் மாறியது. ஆங்கிலத்தின் அகன்ற அகர ஒலி நம் நாவில் ஏகாரமாவது வழக்கம். பேங்க், பேக் எல்லாம் அப்படி வந்தவை. அதே வழியில் வந்த இந்த டேப்பும், நாடா என்னும் பொருளில் ஏற்கெனவே ஏகாரத்தோடு பிறந்த இன்னொரு டேப்பும் தமிழில் ஒரே ஒலியாகிவிட்டன. அளக்கும் நாடாவும் டேப், ஒட்டும் நாடாவும் டேப், பாட்டுக் கேட்ட நாடாவும் டேப், மரை வெட்டுவதும் டேப். ஆங்கிலம் உயிரொலியால் வேறுபடுத்தியதைத் தமிழ் வினையால் வேறுபடுத்துகிறது என்பதுதான் எனக்கு இதில் பெருமகிழ்ச்சி. அளவுக்கான டேப்பைப் பிடிக்கிறோம், பிசின் டேப்பைச் சுற்றுகிறோம், பாட்டு டேப்பைப் போட்டோம், மரைக்கான டேப்பை அடிக்கிறோம். வினை வந்ததும் குழப்பம் போய்விடுகிறது.

அந்த அடி என்னும் வினையையும் ஒரு முறை கையில் எடுத்துப் பார்க்கலாம். டேப் அடிக்கும்போது எதன்மீதும் எதுவும் மோதுவதில்லை. மோதினால் டேப் ஒடிந்துவிடும். வெள்ளை அடிப்பதிலும், பயிருக்கு மருந்து அடிப்பதிலும், மிதிவண்டிக்குக் காற்று அடிப்பதிலும், போன் அடிப்பதிலும் தாக்குதல் இல்லை. ஒரு கருவியைக் கொண்டு ஒரு செயலை விரைந்து முடிப்பது என்ற அளவுக்கு அடி தன் கூர்மையை உதிர்த்து விரிந்திருக்கிறது. இதில் வேடிக்கையான தற்செயல் ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் மெல்லத் தட்டுதல் என்னும் பொருளில் இன்னொரு டேப் இருக்கிறது. அது பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல், முளையோடு அதற்கு உறவு கிடையாது. அங்கே உறவில்லாத அந்த இரு சொற்களையும் நம் பட்டறைப் பேச்சு, ஒன்றைப் பெயராகவும் மற்றதன் பொருளை வினையாகவும் கொண்டு, டேப் அடி என்று பக்கத்தில் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருக்கிறது.

தமிழல்லாத பதினேழு நிலத்துச் சொற்களையும் திசைச்சொல் என்று ஏற்றுக்கொண்ட நன்னூலார் வழி வந்தவர்கள் நாம். டேப்பை விரட்ட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. கருவியின் பெயர் வெளியூர்க்காரனாக இருக்கட்டும். அது துளைக்குள் விட்டுச்செல்லும் வடிவத்தின் பெயரைப் பாருங்கள், அது நம்முடையது.

மரை என்றதும் இலக்கணம் படித்தவர் நினைவுக்கு முதலில் வருவது முதற்குறை. தாமரை தலை இழந்து மரையாகி, மரையிதழ் என்று நிற்கும். சங்கப் பாடல்களில் பழகியவருக்கோ மலைச்சாரலில் நெல்லிக்காய் தின்னும் மான் இனத்து மரை நினைவுக்கு வரும். மூன்றாவதாகத் திருகாணியின் மரை. முறுக்குண்ட கொம்பிலிருந்து திருகின் மரைக்குப் பெயர் வந்தது என்று சொல்லிவிடத் தோன்றும், அழகான கதைதான். ஆனால் பழம்பாடல்கள் முறுக்கிய கொம்பை இரலைக்குத் திரிமருப்பு என்று அடைகொடுத்துச் சொல்கின்றனவே தவிர, மரைக்கு அன்று. எனவே கதையை அங்கேயே விட்டுவிடலாம். துளைக்குள் ஒளிந்திருப்பதால் அது மறை, வல்லினம்தான் சரி என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். ரகர றகர வேறுபாடு நாவில் மங்கிப்போன ஊர்களில் இந்தத் தடுமாற்றம் இயல்பு. ஆனால் போல்ட்டின் மேல் வெட்டிய வெளிமரை பட்டப்பகலில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. ஒளிதலை வைத்துப் பெயரிட்டிருந்தால் அதற்கு மறை என்று சொல்லியிருக்க முடியாது. இடையினமே எனக்கு உவப்பு.

அதற்கு வலுச்சேர்ப்பவர் பக்கத்து வீட்டுக்காரர். தெலுங்கில் மர என்றால் திருகு, எந்திரம் என இரண்டும். திருகாணி அங்கே மரமேகு, திருகுமூடி வைத்த செம்பு மரசெம்பு, விசைத்தறி மரமக்கம். ஒரு சுருள் வரியின் பெயர் மெல்ல மெல்லச் சுழலும் பொறி முழுவதற்கும் பெயராக அங்கே வளர்ந்திருக்கிறது. தமிழில் அவ்வளவு தூரம் போகாமல் மரை தன் வரிக்குள்ளேயே நின்றுகொண்டது. ஒலியும் பொருளும் இத்தனை நெருங்கிய இரு சொற்களை, தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் கொங்கு நாட்டில் கேட்கும்போது, ஒன்றை ஒன்று தாங்கி நிற்பதாகவே கொள்கிறேன்.

பட்டறைக்கு வெகு முன்பே மரை நம் வீட்டுக்குள் இருந்தது. தொடர்வண்டிப் பயணத்தில் கூடவே வந்த பித்தளைக் கூஜாவின் மூடியில் மரை. பெண்களின் காதுத் தோட்டில் மரை. தோட்டை அருகில் வைத்துப் பார்த்தால் பெயர்கள் இன்னும் நுணுகும். முன்பக்கக் கல்பதித்த முகத்திலிருந்து காதுமடல் வழியாகப் பின்னால் நீளும் உட்குடைவான சிறு குழல் சுரை. அதற்குள் பின்னிருந்து இறங்குவது திருகாணி. சுரையின் உட்சுவரில் ஒரு மரை, திருகாணியின் மேல் ஒரு மரை. பொன் மென்மையானது, அன்றாடம் கழற்றி மாட்டும் காதணியில் மரை தேய்ந்து திருகாணி வழுக்கும். "தோட்டுல மரை போயிடுச்சு" என்று ஆசாரியிடம் கொண்டுபோனால் அவர் குண்டூசி பருமனுள்ள டேப்பால் சுரைக்குள் வரியைத் திரும்ப எடுத்துத் தருவார். வேலின் தண்டு நுழையும் குழல்வாய்க்கும் பழம்பாடல்களில் சுரை என்றே பெயர். உள்ளீடற்றது என்ற பொருளில் சுரைக்காயையும் வேலையும் தோட்டையும் ஒரே சொல் தொட்டுச் செல்கிறது. போல்ட்டோடு கூட்டாளியாக வந்த நட்டு என்ற சொல் நிலைத்துவிட்ட இந்நாளில், சுரை பொற்கொல்லர் வீதியோடு நின்றுவிட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

மனிதர்மீதும் மரை ஏறியது. "அவனுக்கு மரை கழண்டுடுச்சு" என்றால் தமிழர் எவருக்கும் விளக்கம் வேண்டாம். மலையாளத்தார் இதையே பிரி போயிற்று என்பர். அங்கே மரைக்குப் பெயர் பிரி. அந்தச் சொல்லின் வழியே நாம் புரிக்குள் நுழையலாம்.

அதற்குமுன் திருகு. திரி என்னும் அடிச்சொல்லின் பரப்பைச் சற்றே நினைத்துப் பாருங்கள். பஞ்சைத் திரித்தால் விளக்குத் திரி. தானியத்தின் மேல் சுழலும் கல் திரிகை. நிலையின்றிச் சுற்றினால் திரிதல். எழுத்து உருமாறினால் அதுவும் திரிதல். இயற்சொல்லிலிருந்து விலகினால் திரிசொல். திருகு, திருப்பு, திரும்பு எல்லாம் இந்த வேரின் கிளைகள். திருக்கு என்றால் கோணல், திருகுதாளம் என்றால் வஞ்சனை. நேராகச் செல்லாத எதுவும் தமிழுக்குத் திரிந்ததே. ஆணியின் தலையில் நுழைத்துச் சுழற்றும் கருவிக்குத் திருப்புளி என்று வைத்தானே ஒரு கைவினைஞன், அவன் பெயர் தெரியாவிட்டாலும் அவன் காது தெரிகிறது: உளியின் தட்டை முகம், ஆனால் கொத்துவதற்கன்று, திருப்புவதற்கு, திருப்பு உளி, இரண்டும் புணர்ந்து ஒரே மூச்சில் ஒலிக்கும் திருப்புளி.

இனி எந்திரத்தின் அருகில் போகலாம். கணினி இயக்கும் துருவல் பொறியில், பட்டறைக்காரர் வி.எம்.சி. என்று சொல்லும் அதில், மேசைமேல் எஃகுத் தகடு இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. துளைக்கு நேர்மேலே டேப் வந்து நிற்கிறது. நிரலில் ஜி 84 என்று ஒரு கட்டளை. ஃபேனக் கட்டுப்பாட்டில் அதற்கு முன் எம் 29 என்று இன்னொன்று. இரண்டாவது கட்டளையின் வேலை, சுழல்தண்டின் சுற்றையும் அது கீழிறங்கும் வேகத்தையும் ஒன்றோடொன்று பூட்டுவது. எம் 8 மரையில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஆகவே டேப் ஒரு சுற்றுச் சுற்றும்போது 1.25 மில்லிமீட்டர் இறங்கியே ஆக வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. நிமிடத்துக்கு 400 சுற்று என்றால் 500 மில்லிமீட்டர் வேகம். இந்தப் பூட்டு இல்லாத காலத்தில் டேப்பைச் சிறிது நீளவும் சுருங்கவும் விடும் நெகிழ்பிடிப்பான் வேண்டியிருந்தது. கையால் அடித்த காலத்தில் முதல் டேப், இரண்டாம் டேப், மூன்றாம் டேப் என்று மூன்றை மாற்றி மாற்றி, அரைச்சுற்று முன்னே, கால்சுற்றுப் பின்னே என்று பிசிறை ஒடித்து ஒடித்து இறக்கினார்கள். வெட்டெண்ணெய் பாயப் பாய டேப் அடியைத் தொடுகிறது. ஒரு கணம் நிற்கிறது. எதிர்த்திசையில் சுழன்று, வெட்டிய வரியின் வழியே வழுவாமல் மேலேறி வெளியே வருகிறது. இறங்குவது திருகல். ஏறுவது திரும்பல். திரி என்னும் ஒரே வேர் அந்தத் துளைக்குள் போய்த் திரும்பி வந்துவிட்டது.

துளை ஏன் 6.8 என்று கேட்டால், எட்டிலிருந்து ஒரு வரியிடைவெளியைக் கழித்து, அருகிலுள்ள அளவுக்கு முழுமையாக்கு என்பது பட்டறையின் வாய்ப்பாடு. அந்த இடைவெளியை எழுத்துத் தமிழில் புரியிடை என்கிறோம். பிட்ச் என்று பேசுகிறவருக்கும் இந்தச் சொல்லைக் காட்டினால் முகம் மலரும், ஏனெனில் அது தானே விளங்குகிறது.

புரி முறுக்கலின் சொல். வைக்கோலை முறுக்கினால் புரி. முறுக்கிய வைக்கோலை வளையமாக்கிப் பானையை உட்காரவைத்தால் புரிமணை. மூன்று இழை சேர்ந்தால் முப்புரி. பேச்சில் உகரம் இகரமாகி வைக்கப்பிரி, பிரிமணை என்றானதைக் கிராமத்தில் வளர்ந்தவர் எல்லாரும் கேட்டிருப்பர். மலையாளப் பிரியும் அதே திரிபில் பிறந்த உடன்பிறப்பு. களத்துமேட்டில் பிரி திரிக்கிறோம் என்றார்களே, அந்த இரு சொற்களில் மரையின் இரண்டு பழைய பெயர்களும் பக்கம் பக்கமாக நின்றிருக்கின்றன. வைக்கோல் கயிற்றில் முறுக்கால் விழும் சாய்வரியைப் பார்த்த கண்ணுக்கு, போல்ட்டின் மேல் ஓடும் வரிக்குப் புரி என்று பெயரிட அதிகம் யோசிக்க வேண்டியிருந்திருக்காது.

புரிக்குத் திசையும் உண்டு: வலம்புரி, இடம்புரி. கடிகார முள் செல்லும் வழியில் திருகினால் உள்ளே போகும் மரை வல மரை. ஜி 84 வெட்டுவது அதையே. இட மரைக்கு ஜி 74. மிதிவண்டியின் இடது மிதிகட்டையும், பற்றவைப்பவரின் அசிட்டிலின் உருளை இணைப்பும் இட மரை கொண்டவை. முன்னது மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமலிருக்க, பின்னது ஆக்சிஜன் குழாயோடு தவறியும் மாறிவிடாமலிருக்க. மரையில் வலம் மலிவு, இடம் அருமை. சங்கிலோ தலைகீழ்: இடம்புரி கடல் முழுக்க, வலம்புரி பல்லாயிரத்தில் ஒன்று, அதனாலேயே பூசைக்குரியது.

இங்கேதான் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. எளிதாகக் கிடைக்கும் சாதாரண இடம்புரிச் சங்கின் சுருளைக் கூர்முனையிலிருந்து விரலால் தொடர்ந்து பார்த்தால், அது நாம் அன்றாடம் திருகும் வல மரையின் சுருளேதான். உயிரியலாரும் அந்தச் சங்கை வலச்சுற்று என்றும், நம் வலம்புரியை இடச்சுற்று என்றுமே வகுக்கிறார்கள். சுருளைக் கவிழ்த்தாலும் நிமிர்த்தினாலும் அதன் இயல்பு மாறாது. மாறுவது சங்கைக் கையில் எப்படிப் பிடித்து, எந்த முனையிலிருந்து எண்ணிப் பெயரிட்டோம் என்பது. நம் முன்னோர் ஊதுவாய்க் கணக்கில் பார்த்தனர். உயிரியலார் கூர்முனையை மேலே நிறுத்திப் பார்த்தனர். ஆகவே வல மரையை வலம்புரி என்று மொழிபெயர்க்க விரும்பும் கலைச்சொல் அறிஞரை நான் சற்றே தடுக்க விரும்புகிறேன். வல மரை, இட மரை என்று பட்டறைத் தமிழ் சொல்வதில் சங்கின் சிக்கல் இல்லை.

ஆங்கிலத்தார் மரையை நூல் என்கிறார்கள். அவர்கள் மொழியில் நூலுக்கான சொல்லின் அடியிலும் முறுக்குதலே இருக்கிறது; நம் புரியும் அவர்கள் நூலும் ஒரே காட்சியைக் கண்டு பிறந்தவை. நம் நூலோ வேறு வழியில் பட்டறைக்குள் வந்தது. தச்சரும் கொத்தரும் ஓர் அங்குலத்தை எட்டாகப் பகுத்து, ஒரு பகுதியை ஒரு நூல் என்றனர். மூணு நூல் போல்ட் என்றால் முக்கால் அங்குலத்தில் பாதி. நாலு நூல் என்றால் அரை அங்குலம். 1841இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த மரை ஒழுங்கில் வரியின் கோணம் 55 பாகை. அரை அங்குல ஆணிக்கு அங்குலத்துக்கு 12 வரி. அவருடைய பணிமனை மான்செஸ்டரில். 1888இல் கோவையில் முதல் நூற்பாலை எழுந்த காலத்தில், இந்திய ஆலைகளின் பொறிகள் பெரும்பாலும் அந்த லங்காசயர் வட்டாரத்திலிருந்தே கப்பலேறின. அப்படியொரு ஆலையில் பஞ்சு நூலாக முறுக்கேறிக்கொண்டிருக்கும்போது, கழன்ற போல்ட்டை இறுக்க வந்த மெக்கானிக் "நாலு நூல் ஸ்பேனர் எடு" என்று குரல் கொடுத்திருப்பார். நூற்கும் நூல், அளக்கும் நூல், ஆங்கிலேயர் நூல் என்று சொன்ன மரை, மூன்றும் ஒரே வார்ப்பிரும்புச் சட்டத்தின் மேல். இன்றைய மெட்ரிக் மரையில் கோணம் 60 பாகை, அளவு மில்லிமீட்டர். ஆயினும் பழைய இரும்புக் கடைகளில் நூல் இன்னும் அளக்கிறது.

வெட்டாமலே மரை உண்டாக்கும் டேப்பும் வந்துவிட்டது. அதற்கு வெட்டுவாய் கிடையாது. உலோகத்தை நெருக்கி, பள்ளத்திலிருந்து பிதுக்கி மேட்டை எழுப்புகிறது. பிசிறே விழாது. எட்டுக்குத் துளை 6.8 போதாது, ஏறக்குறைய 7.4 வேண்டும், ஏனெனில் பிதுங்கும் எஃகு உள்ளே வர இடம் வேண்டும். ஃபார்மிங் டேப் என்கிறார்கள். பிதுக்கு டேப் என்று சொன்னால் பத்தாம் வகுப்போடு பட்டறைக்கு வந்த பையனுக்கும் அது என்ன செய்யும் என்று கேட்டவுடன் விளங்கும்.

இன்னொன்று, டேப்பையே விட்டுவிடுவது. டேப் துளைக்குள் ஒடிந்துவிட்டால் மின்பொறி கொண்டு அரித்தெடுக்கும் பாடு பெரும்பாடு. பல நாள் உழைப்பில் உருவான அச்சுத்தகடாக இருந்தால் அந்த ஒரு துளையால் எல்லாம் வீணாகும். அத்தகைய வேலைக்கு, துளையைவிட மெலிந்த பல்லுளி ஒன்றை உள்ளே இறக்கி, தன்னைத்தானே சுழற்றிக்கொண்டே துளையின் சுவரை ஒட்டி வட்டமாக வரச்செய்து, ஒரு வட்டத்துக்கு ஒரு புரியிடை மேலேறும்படி நிரல் எழுதுகிறார்கள். த்ரெட் மில்லிங் என்பது வழக்கு. துருவல் பொறியின் வேலைதானே, மரைத்துருவல் என்று சொல்லிப் பாருங்கள். ரகரங்கள் இரண்டும் நாவில் சுழன்று வருகின்றன. ஒரே உளியால் வல மரையும் வெட்டலாம், இட மரையும் வெட்டலாம். வட்டத்தின் திசையை மாற்றினால் போதும். வல மரைக்கு உளி துளையின் அடியில் தொடங்கி, மேலிருந்து பார்ப்பவருக்கு இடமாகவே சுற்றிச் சுற்றி ஏறிவருகிறது.